மஸ்டாங், கமாரோ தவிர: மறந்துபோன அமெரிக்க வேக வண்டிகளை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ராயல் ஓக், மிச்சிகன்

ஒரே ஒரு நிபந்தனை. மஸ்டாங், கமாரோ, கார்வெட் பற்றி யாரும் எழுத வேண்டாம். அவற்றுக்குப் போஸ்டர் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, பனியன்கூட இருக்கிறது. ஒரு காலத்தில் பறந்துவிட்டு, அப்புறம் யார் வாயிலும் பெயர் வராமல் போன வண்டிகளை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை எங்கள் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார் ஊர்வலம் நடக்கும். 1995-இல் ஆரம்பித்தது. தேரோட்டம் பார்க்க வந்த மாதிரி ஜனம் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். நான் நாற்காலி போட்ட இடத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குட்டி பிக்கப் நின்றது. பெயின்ட் வேலைக்கு வந்தவர் யாரோ நிறுத்திய வண்டி என்று நினைத்து, என் ஐஸ் பெட்டியை அதன் பின்பக்கத்தில் சாய்க்கப் போனேன். ஒரு தாத்தா பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

அது 1991-இன் ஜிஎம்சி சைக்ளோன். 4.3 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, 280 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. விற்பனைக்கு வந்தது கறுப்பில் மட்டும்தான். மொத்தமாகவே 3,000-க்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்தார்கள். அந்த வருடம் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை இதையும் ஃபெராரி 348-ஐயும் கால் மைலுக்கு ஓடவிட்டுப் பார்த்தது. ஜெயித்தது பிக்கப். தூரம் கூடினால் ஃபெராரி எட்டிப் பிடித்துத் தாண்டிவிடும், அது வேறு கதை.

தாத்தாவிடம், "இதில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்?" என்று கேட்டேன். 500 பவுண்டு என்றார். இந்தியக் கடையில் விற்கிற 20 பவுண்டு பொன்னி அரிசிப் பையில் இருபத்தைந்து. நம்மூர்க் குட்டி யானை இதைப்போல மூன்று மடங்கு சுமக்கும். பாரம் ஏற்றத் தெரியாத ஒரு பிக்கப்பை விற்பனைக்கு விட்ட அந்தத் தைரியத்துக்காகவே எனக்கு அதைப் பிடித்துப் போனது.

கொலம்பஸ், ஒஹையோ

அண்ணா, நான் அப்படி ஒரு வண்டியைத் தெரியாமலே வாங்கியவன்.

1998, எம்.எஸ். படிக்க வந்த முதல் வருடம். கையில் 2,000 டாலர். டொயோட்டா, ஹோண்டா தவிர எதையும் தொடாதே என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தக் காசுக்கு அவை கிடைத்தால்தானே? பல்கலைக்கழக நோட்டீஸ் போர்டில், அடியில் போன் நம்பரைக் கிழித்துக்கொள்கிற மாதிரி ஒரு தாள்: "ஃபோர்டு டாரஸ், 1990, மேனுவல், 1,800 டாலர்." ஒரு நம்பர்கூடக் கிழிபடவில்லை. மேனுவல் என்றதும் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள் போல. எனக்கோ மேனுவல் மட்டும்தான் தெரியும். திருச்சியில் மாமாவின் மாருதி 800-இல் பழகிய கை.

வெளியே பார்த்தால் ரிட்டயர் ஆகப்போகும் ஹெட் கிளார்க் மாதிரி ஒரு கார். பின் பம்பரில் மட்டும் எஸ்எச்ஓ என்று மூன்று எழுத்து, வண்டியின் நிறத்திலேயே புடைத்துக்கொண்டிருந்தது. விற்ற கடையின் பெயராக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் ஏறும்போது மூன்றாவது கியரில் கொஞ்சம் அழுத்தினேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 4,000-ஐத் தாண்டியது. அதுவரை முனகிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று குரல் மாறி ஊளையிட்டது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் மூடினேன்.

ஆயில் மாற்றப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மெக்கானிக் பானட்டைத் தூக்கியதும் பட்டறையில் இருந்த மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டார். உள்ளே அலுமினியக் குழாய்கள் பக்கத்துக்குப் பக்கம் வளைந்து, முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளக் குழாய் ஒன்று, குட்டைக் குழாய் ஒன்று. 4,000 சுற்று வாக்கில் குட்டைக் குழாய்களின் கதவு திறந்துகொள்ளும். நான் கேட்ட ஊளை அதுதான். எஸ்எச்ஓ என்றால் சூப்பர் ஹை அவுட்புட். 3 லிட்டர் வி6, 24 வால்வு, 220 குதிரைத்திறன், 7,000 சுற்று வரை போகும். எஞ்சினைச் செய்து கொடுத்தது யமஹா என்று அவர் சொன்னபோது, "எங்கள் ஊர் ஆர்எக்ஸ் 100 யமஹாவா?" என்று கேட்டேன். அவருக்கு ஆர்எக்ஸ் 100 தெரியாது. எனக்குக் கண் கலங்காத குறை.

அதே வருடம் சின்சினாட்டி போகிற வழியில் வேகத்துக்கு அபராதம் கட்டினேன். தப்பு என்னுடையதுதான். சீட்டை எழுதிக் கையில் கொடுத்த பிறகு அந்த போலீஸ்காரர், "எஞ்சினை ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார். திறந்து காட்டினேன். சீட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆஸ்டின், டெக்சாஸ்

நாலு கதவு வைத்த ஆபீஸ் காரெல்லாம் வேக வண்டிக் கணக்கில் வருமா? சரி, தம்பி எழுதியது நன்றாக இருந்ததால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் நான் நிபந்தனையை மீறப்போகிறேன். மஸ்டாங்தான். ஆனால் மஸ்டாங் ஆட்களே மறந்த மஸ்டாங்: 1984 முதல் 86 வரை வந்த எஸ்விஓ. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று வைத்திருக்கிறார். வி8 கிடையாது. 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, அது திணிக்கும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், முதல் வருடம் 175 குதிரைத்திறன். காற்று வாங்கும் பானட் துவாரம்கூட நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். உயர்ரக பெட்ரோல் போட்டால் ஒரு பக்கம், சாதா பெட்ரோல் போட்டால் மறுபக்கம் தள்ள வேண்டும். எஞ்சின் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். மாதக் கடைசியில் சாதா பக்கம் தள்ளிவிடுவாராம் மனிதர்.

விலைதான் கொன்றது. வி8 மஸ்டாங் ஜிடியைவிடச் சுமார் 6,000 டாலர் அதிகம், அந்தக் காலத்து டாலரில். யார் வாங்குவார்கள்? மூன்று வருடத்தில் 10,000-கூட விற்கவில்லை.

சவுத் பெண்ட், இண்டியானா

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று நானும் வந்துவிட்டேன். எங்கள் ஊரில் கார் செய்துகொண்டிருந்த ஸ்டூடிபேக்கர் கம்பெனியின் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து மாமனார் வந்திருந்தபோது, மழை நாளில் வேறு போக்கிடம் இல்லாமல் கூட்டிப்போனேன். வாசலில் பெயரைப் படித்ததுமே, "ஏம்மா, இது அந்தக் காலத்து ஜமீன் வீட்டுக் காரில்லா?" என்றார். அதன் பிறகு மூன்று மணி நேரம் அவரை வெளியே கொண்டுவர முடியவில்லை.

அவர் நின்றுவிட்ட இடம் ஸ்டூடிபேக்கரின் அவான்டி. பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழு வரைந்தது, 1962-இல் அறிமுகம். உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். முகத்தில் கிரில்லே கிடையாது, காற்றெல்லாம் பம்பருக்கு அடியிலிருந்து போகிறது. பானட்டில் ஒரு நீளமான மேடு. அது நடுவில் இல்லை, ஓட்டுபவருக்கு நேர் எதிரே. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒரு கோட்டை நடுவில் போட மாட்டார்களா என்று மாமா ரொம்ப நேரம் புலம்பினார். விளக்கு சுவிட்சுகள் விமானத்தில் இருக்கிற மாதிரி தலைக்கு மேலே. முன் டேஷ் பெட்டிக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். அந்த ஒன்றுக்காகவே நான் வாங்கியிருப்பேன்.

அழகுப் பொம்மை என்று நினைக்க வேண்டாம். ஆர்2 என்ற வகையில், டர்போ மாதிரியே காற்றைத் திணிக்கிற சூப்பர்சார்ஜர் உண்டு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உண்டு. யூட்டாவின் போன்வில் உப்புத் தரையில் கார் பந்தய உலகின் ஆண்டி கிரானடெல்லி இதை ஓட்டி வேகச் சாதனைகள் செய்தார். ஆனால் ஃபைபர் உடம்புகள் நேரத்துக்கும் வரவில்லை, வந்தவை சரியாகப் பொருந்தவுமில்லை. முன்பணம் கட்டியவர்கள் காத்திருந்து சலித்து வேறு கார் வாங்கிவிட்டார்கள். 1963 டிசம்பரில் இங்கே கார் உற்பத்தியே நின்றது. அப்போதைய வேலையிழப்பைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அவான்டி மட்டும் சாகவில்லை. இரண்டு உள்ளூர் விற்பனையாளர்கள் உரிமையை வாங்கி, வேறு எஞ்சின் போட்டு, கையால் கட்டி வருடக்கணக்கில் விற்றார்கள்.

நோவை, மிச்சிகன்

ஆஸ்டின் அண்ணாவுக்கு இன்னொரு ஆபீஸ் கார். டாட்ஜ் ஸ்பிரிட் ஆர்/டி, 1991-92. சாதா ஸ்பிரிட்டை விமான நிலையத்தில் வாடகைக்குக் கொடுப்பார்கள், அவ்வளவு சாதாரணம். இதில் மட்டும் 2.2 லிட்டர் டர்போ, இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி லோட்டஸ் வடிவமைத்த 16 வால்வு ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி), 224 குதிரைத்திறன். சுமார் 1,400 வண்டிதான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் சிவப்பு நிறத்தில் வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவார். முதல் சிக்னலிலேயே பசி போய்விடும். முன்சக்கர இழுவை வண்டி, கிளம்பும்போது ஸ்டீயரிங் பம்பரம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும்.

லான்சிங், மிச்சிகன்

1962-க்குப் போய்விட்டதால் நானும் அந்த வருடத்துக்கே வருகிறேன். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். கடைக்கு வந்த முதல் இரண்டு டர்போ கார்களில் ஒன்று. மற்றது ஷெவ்ரோலே கார்வேர் மோன்சா ஸ்பைடர், அதுவும் அதே வருடம். 3.5 லிட்டர் அலுமினிய வி8, 215 குதிரைத்திறன். கம்ப்ரஷன் அதிகம், அதன் மேல் டர்போ வேறு. உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே பீய்ச்சினார்கள். அதற்கு டர்போ ராக்கெட் ஃப்ளூயிட் என்று பெயர். தீர்ந்ததும் வண்டிக்காரர் நிரப்ப வேண்டும்.

காய்கறி வாங்கப் போகிறவர் யார் அதை ஞாபகம் வைத்து நிரப்புவார்? தீர்ந்தால் வண்டி தானே அடங்கி ஓடும். "புது வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்று திரும்பி வந்தார்கள். கடைசியில் 1965-இல் பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள். கழற்றாமல் தப்பித்த ஒன்றை ஒரு சந்தையில் பார்த்தேன். பானட்டுக்கு அடியில் அந்தத் திரவத் தொட்டி. மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கொலம்பஸ், ஒஹையோ

ஆஸ்டின் அண்ணா தனிச்செய்தியில், "அந்த டாரஸ் இப்போது எங்கே?" என்று கேட்டிருந்தார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2001-இல் வேலை கிடைத்து கலிபோர்னியா போகும்போது விற்றேன். அதே நோட்டீஸ் போர்டு. பட்டறையில் பார்த்ததையெல்லாம் எழுத ஒரு தாள் முழுக்க இடம் இருந்தது. ஆனாலும் "ஃபோர்டு டாரஸ், 1990, மேனுவல், 1,100 டாலர்" என்று மட்டும் எழுதினேன். புதுசாக வந்த ஒரு ஹைதராபாத் பையன் வாங்கினான். பம்பரில் இருந்த மூன்று எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டான். கடைப் பெயராக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.