கடமை தவறுதலா, கடமை கைவிடலா?

அன்பு நண்பர்களுக்கு,

பொறுப்பில் இருப்பவர் தன் கடமையைச் செய்யாமல் விடுவதை ஆங்கிலத்தில் 'டெரிலிக்ஷன் ஆஃப் டியூட்டி' (dereliction of duty) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கடமை தவறுதல்' போதும் என்கிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. 'தவறுதலாக' என்றால் வேண்டுமென்றே செய்யவில்லை என்றுதானே பொருள்? கை தவறிக் கண்ணாடி உடைகிறது, வழி தவறிப் போகிறோம். இங்கே நாம் சொல்ல வருகிற குற்றமோ தெரிந்தே விடுவது. 'வாக்குத் தவறினான்' என்பதில் பழி தொனிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தனியாக நிற்கும்போது 'தவறுதல்' மன்னிப்புக் கேட்கிற சொல். 'வழுவல்' என்றாலும் அதே கதை, கால் வழுக்கியதுபோல. போதாக்குறைக்கு, 'வழு'வைக் கணினிக்காரர்கள் மென்பொருள் பிழைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

'புறக்கணிப்பு' ஊரறியச் செய்வது, தேர்தல் புறக்கணிப்பு மாதிரி. இது சத்தமில்லாமல் நடப்பது.

ஓர் இயந்திர அறையை எண்ணிப் பாருங்கள். மணிக்கொரு தடவை அழுத்தமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒருவர் அசதியில் இரண்டு மணிப் பதிவை விட்டுவிடுகிறார். கட்டம் காலியாகக் கிடக்கிறது. அது கவனக்குறைவு. இன்னொருவர் இரவு பத்து மணிக்கே விடியும்வரைக்குமான எண்களை ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதி முடித்துவிட்டுப் போர்த்திக்கொள்கிறார். பதிவேடு பார்க்க லட்சணமாக இருக்கும். நாம் சொல் தேடுவது இந்த இரண்டாமவருக்கு. ('கடமைக்குச் செய்கிறான்' என்று இவரைப் பற்றித்தான் சொல்கிறோம். கடமை என்ற சொல்லே ஒப்புக்குச் செய்வதைக் குறிக்கிற அளவுக்கு வந்துவிட்டது!)

குறளின் 'பொச்சாப்பு' (கடமையை மறந்திருத்தல்) ஆசை காட்டுகிறது. ஆனால் 531ஆம் குறள் அதை மிகுந்த மகிழ்ச்சியில் வரும் சோர்வு என்கிறது. மெத்தனத்துக்குத்தான் அது பொருந்தும். அப்புறம், இன்றைய வாய்க்கு அந்தச் சொல் கொஞ்சம் சங்கடம். அதே அதிகாரத்தில் 'செய்யாது இகழ்ந்தார்க்கு' (538) என்று வருகிறது. இகழ்தல் என்றால் அங்கே பொருட்படுத்தாமல் விடுவது. அருமையான சொல், ஆனால் இன்று ஏளனம் என்றே புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு முற்றாக விட்டுவிடுதல் என்று பொருள். ஆளில்லாமல் கடலில் விடப்பட்ட கப்பலுக்கும் அதே வேர்தான். நம்மிடம் 'கைவிடல்' தயாராக இருக்கிறது. நாற்காலியை விட்டு எழாமலேகூடக் கடமையைக் கைவிடலாம். 'கடமையைக் கைவிட்டதற்கு விளக்கம் அளிக்கவும்' என்று குறிப்பாணையில் எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

பெயர்ச்சொல்லாக 'கடமை கைவிடல்'. நடுவில் க் மிகாது, 'துணி துவைத்தல்' போலத்தான்.