மறு: போஸ்ட் ஆங்கருக்கு என்ன சொல்?

> ‘தூண் நங்கூரம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். போஸ்ட் ஆங்கர் என்பது மரத்தளத்தின் மரக்கால்களைக் கான்கிரீட்டோடு பிணைக்கிற இரும்புச் சாமான்; தளம் போடும்போது இதில் இரண்டு உருப்படி வருகிறது. கான்கிரீட்டுக்குள் இறங்கி நிற்கும் ஆணி ஒன்று; அதில் நட்டுப் போட்டு இறுக்கி, மரக்காலை உள்ளே நிறுத்துகிற ‘ப’ வடிவ இரும்பு இன்னொன்று. ஆணியை ஏற்கெனவே பலர் நங்கூர ஆணி என்று எழுதுகிறார்கள். இரண்டும் நங்கூரம் என்றால் ‘நங்கூரத்தை நங்கூரத்தில் மாட்டவும்’ என்றல்லவா செய்முறை எழுத வேண்டும்?

> அப்படியென்றால் தூண்தாங்கி?

தாங்கி என்பது பேரிங்குக்குப் போய்விட்டது. அதை விடுங்கள், பொருளும் பாதிதான் வருகிறது. இந்த ‘ப’ இரும்பு எடையை வாங்குவதோடு, காற்று தளத்தைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும்போது காலை விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அப்புறம், மரத்தின் அறுத்த முனை ஈரத்தை உறிஞ்சி மக்கிப் போகாமலிருக்க, கான்கிரீட்டிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்தியும் வைக்கிறது. அதனால் இரும்புக்கு ‘கால்கவ்வி’ என்கிறேன். (கால்பிடி என்றும் யோசித்தேன், காரியம் ஆக யார் காலிலோ விழுகிற மாதிரி இருக்கிறது.)

ஆணிக்கு ‘பதியாணி’. ஈரக் கான்கிரீட்டிலேயே நட்டாலும் சரி, இறுகிய பின் துளைத்து, தூசியை ஊதியெடுத்து எப்பாக்சிப் பசை விட்டுச் செருகினாலும் சரி, பதிந்துதானே நிற்கிறது.

கால்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்துகிற அலைன்மென்ட்டுக்கு ‘சீரமைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் உடைந்த தளத்தைப் பழுது பார்ப்பதாகத்தான் தோன்றும். கட்டட வேலையில் ‘நூல் பிடிப்பது’ என்கிறார்களே, அதைவிட என்ன வேண்டும்? நூல் கட்டி, மூலைக்கு 3-4-5 பார்த்து (இரு பக்கம் 3, 4 என்றால் குறுக்கே 5 வந்தால் மூலை செங்கோணம்), இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்துதான் பதியாணியின் இடத்தைக் குறிக்கிறோம். ஆனாலும் கான்கிரீட்டைக் குத்திவிடும்போது ஆணி கொஞ்சம் நகர்ந்துவிடும், இறுகியபின் அதை அசைக்க முடியாது. அதற்காகத்தான் சில கால்கவ்விகளில் அடித்துளையை வட்டமாக இல்லாமல் நீளமாக வெட்டியிருக்கிறார்கள், நட்டை முழுக்க முறுக்குவதற்கு முன் கவ்வியை நூலுக்கு நேராகத் தள்ளிக்கொள்ளலாம்.

அந்தத் துளைக்கு ‘நீள்துளை’ போதுமா, ‘நகர்துளை’யா? வேலையைச் சொல்வதால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. துளை எங்கே நகர்கிறது என்று சண்டைக்கு வராதீர்கள், கவ்வியோடு சேர்ந்து அதுவும் நகரத்தான் செய்கிறது.