மறு: அசகு, அசக்கு, குறுவிடை மதிப்பீடு

வணக்கம்.

> சுமேரியப் பேய்க்கும் ஏ.எஸ்.ஏ.ஜி. என்ற சுருக்கத்துக்கும் கலைச்சொல் பட்டியலில் 'அசாக்' என்றே ஒரு பதிவு போதாதா?

போதாது ஐயா. முன்னது பெயர், ஒலிபெயர்த்தால் போதும். பின்னது 'ஆட்டோமேட்டிக் ஷார்ட் ஆன்சர் கிரேடிங்' என்பதன் சுருக்கம், அதை விரித்துத் தமிழாக்க வேண்டும்.

'அசாக்' என்றால் மூலத்தில் இல்லாத நெடிலும் வல்லொலியும் வந்துவிடும். 'அசகு' என்றெழுதினால் உயிர்களுக்கு இடையே ககரம் தானே மெலியும். அக்காடிய மொழி வடிவத்தில் அது இரட்டிக்கும்: அசக்கு. இரண்டையும் நம் எழுத்தே பிரித்துக் காட்டிவிடுகிறது. (எசகுபிசகு நினைவுக்கு வந்தால் வரட்டும்.) விளக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'லுகல்-ஏ' என்ற சுமேரியப் பாடலில் கற்படையோடு நினுர்தா என்ற தெய்வத்தை எதிர்ப்பவன், அங்கே 'அரக்கன்' பொருந்தும். மந்திரப் பாடங்களில் நோய் தருவது, அங்கே 'பேய்'.

சுருக்கத்துக்கு வருவோம். மாணவர் ஒரு சொற்றொடர் முதல் ஒரு பத்தி வரை எழுதும் விடையைக் கணினி மதிப்பிடுவது. நடையைப் பார்ப்பதில்லை, உள்ளடக்கம் மட்டுமே. கட்டுரை மதிப்பீட்டோடு குழப்ப வேண்டாம். 'தரப்படுத்தல்' கூடாது: இலங்கை வாசகருக்கு அது 1970களின் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கை. 'திருத்தம்' பேச்சு வழக்குதான், ஆனால் பிழைதிருத்தியோடு மோதும். 'மதிப்பெண் இடல்' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கணினியின் பொருள் புரிதலைச் சோதிக்கும் 2013 செம்இவால் போட்டியில் மதிப்பெண்ணே கிடையாது. சரி, அரைகுறை, முரண், தொடர்பற்றது, பாடத்துக்கு வெளியே என்ற ஐந்து முத்திரைகள்தாம். வட டெக்சாஸ் பல்கலைக்கழகத் தரவிலோ 0 முதல் 5 வரை எண்கள். இரண்டையும் தாங்குவது 'மதிப்பீடு'. யாழ்ப்பாணத்தில் புள்ளி, சென்னையில் மதிப்பெண் என்ற சிக்கலும் தீரும்.

'தானியங்கிக் குறுவிடை மதிப்பீடு' என்றால் விடையே தானாக எழுந்ததுபோல் படுகிறது. அடையைப் பெயருக்குப் பக்கத்தில் வையுங்கள்: குறுவிடைத் தானியங்கு மதிப்பீடு.

தமிழ் விடைகளில் இதைச் செய்வோருக்கு ஒரு எச்சரிக்கையையும் பதிவில் சேர்க்கலாம். "எண்ணெய் நீரில் கரையாது" என்பது சரியான விடை. "கரையும்" என்றெழுதியவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும், அடிச்சொல் பிரிப்பான் இரண்டையும் 'கரை' என்று வெட்டினால். எதிர்மறை விகுதியைத் தனி அடையாளமாக வைத்துக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும்.

'கு.தா.ம.' என்று சுருக்க வேண்டாம், யாரும் சொல்லப்போவதில்லை. முதல் இடத்தில் முழுப்பெயர், பிறகு 'குறுவிடை மதிப்பீடு'.