நியூஸ் கேட்டு எழுதிப் பழகினா இங்கிலீஷ் வருமா, இல்ல வெட்டி வேலையா?

கோத்தகிரி செல்வி:
என் தம்பி பி.காம் முடிச்சிட்டு இங்க ஒரு ஹோம்ஸ்டேல ரிசப்ஷனுக்கு சேரப் போறான். படிச்சா புரியுது, எழுதவும் ஓரளவு வருது, ஆனா யாராச்சும் வேகமா பேசினா காதுலயே ஏற மாட்டேங்குது. அதனால நான்தான் பிபிசி ரிப்போர்ட்ட கேட்டு நோட்டுல எழுதச் சொன்னேன். அரசியல், போர் எல்லாம் வேண்டாம், ஜனங்க வாழ்க்கை எப்படி மாறுதுங்கற மாதிரி ரிப்போர்ட் மட்டும். கொரியால குழந்தை பொறக்கறது குறையறது, லண்டன்ல வாடகை கட்ட முடியாம முப்பது வயசுலயும் அப்பா அம்மா வீட்லயே இருக்கறது, ஜப்பான்ல தனியா வாழறவங்க, இப்படி. ஒரு நிமிஷ ஆடியோவுக்கு ஒரு மணி நேரம் புடிக்குது. இப்ப டவுன்ல ஸ்போக்கன் கிளாஸ் எடுக்கற ஒருத்தர் இதெல்லாம் வெட்டி வேலை, வாயத் தொறந்தாத்தான் வரும்னு சொல்லிட்டார், பையன் நோட்ட தொடவே மாட்டேங்கறான். நீங்க என்ன சொல்றீங்க?

குன்னூர் பாபு:
கிளாஸ்காரர் சொன்னதுதாங்க சரி. நான் ஃப்ரன்ட் ஆபீஸ்லயே காலம் ஓட்டறவன். கெஸ்ட் வந்து கொரியால எத்தன குழந்தைன்னா கேக்கப் போறான்? சுடுதண்ணி ஏன் வரல, டாய் ட்ரெயின் டிக்கெட் கிடைக்குமா, தொட்டபெட்டா இன்னைக்கு தெரியுமா இல்ல மூடிருக்குமா, இவ்ளோதான். இத நூறு தடவ வாயால சொல்லிப் பழகினா போதும். எழுதிட்டே இருந்தா நல்ல குமாஸ்தா ஆவான், ரிசப்ஷனிஸ்ட் ஆக மாட்டான்.

அருவங்காடு டீச்சர்:
பாபு சார், அவங்க தம்பிக்கு பிரச்சன வாயில இல்ல, காதுல. அத மொதல்ல கவனிங்க. நாம தமிழ்ல ஒவ்வொரு அசையையும் முழுசா சொல்றோம், இங்கிலீஷ்காரன் முக்கியமான சொல்ல மட்டும் அழுத்திட்டு ஆஃப், டு, ஹேவ், தி எல்லாத்தையும் முழுங்கிடுவான். 'வுட் ஹேவ் பீன்'னு புத்தகத்துல இருக்கறது காதுல 'வுடவ்பின்'னுதான் விழும். சும்மா கேட்டுட்டு இருந்தா மனசு தானா இட்டு நிரப்பி புரிஞ்ச மாதிரி காட்டிரும். எழுதச் சொன்னாத்தான் ஓட்டை எங்கன்னு தெரியும். எங்கிட்ட வர்ற ஒரு பொண்ணு கொரியா நியூஸ்ல 'ஜீரோ பாயின்ட் செவன் டூ'ங்கறத 7.2ன்னு எழுதிட்டு வந்தா. 2023ல அங்க ஒரு பொம்பளைக்கு சராசரி 0.72 குழந்தை, மக்கள்தொகை குறையாம நிக்கவே 2.1 வேணும். ஏம்மா, ஏழு குழந்தை பெத்தா எதுக்கு நாட்டுல ஆள் கொறையுதுன்னு கவலப்படறாங்கன்னு கேட்டேன், சிரிச்சிட்டு அவளே திரும்ப போட்டு கேட்டா, அந்த 'ஜீரோ' எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு புடிச்சிட்டா. ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் இதே கததான், ஒண்ணுல அழுத்தம் பின்னாடி, இன்னொண்ணுல முன்னாடி. ரூம் வாடகை சொல்ற எடத்துல இது தப்பினா யாரு நஷ்டம்?

வட்டக்கானல் மணி:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. கொடைக்கானல்ல எங்க பக்கம் இஸ்ரேல்காரங்க வந்து மாசக்கணக்குல தங்கறாங்க, ஃப்ரெஞ்சுக்காரங்க வர்றாங்க, மத்தபடி பெங்களூரு, கேரளா, குஜராத். இதுல யாருமே பிபிசி மாதிரி பேசறதில்ல. பிபிசிய எழுதி எழுதி காத பழக்கிட்டு இவங்க முன்னாடி போய் நின்னா திரும்ப மொதல்ல இருந்துதான்.

அருவங்காடு டீச்சர்:
மணி சொல்றது நியாயம், ஆனா அதுக்கும் இந்த மாதிரி ரிப்போர்ட்லயே வழி இருக்கு. ஆங்கர் பேசறது பாதிதான். மீதி தெருவுல போறவங்கள நிறுத்தி கேப்பாங்க பாருங்க, சியோல்ல ஒரு ஆபீஸ் பொண்ணு, லண்டன்ல ஒரு நைஜீரியாக்காரர், டோக்கியோல ஒரு தாத்தா. அவங்க திக்கித் திணறி, பாதி வாக்கியத்துல நிறுத்தி, வேற மாதிரி ஆரம்பிச்சு பேசுவாங்க. அந்தப் பகுதிய எழுதச் சொல்லுங்க, ஆங்கர விட்ருங்க. அரசியல் நியூஸ்ல பாதி பேரும் ஊரும் பதவியும்தான், இதுல வீடு, வாடகை, கல்யாணம், சம்பளம், தனிமை, எல்லாம் நாமளும் பேசற விஷயம். 'ஹேஸ் ரிஸன்', 'ஹேஸ் பீன் ஃபாலிங்'னு கிராமர் வேற வந்துட்டே இருக்கும், யாரும் சொல்லிக் குடுக்காமயே படியும்.

பந்தலூர் ரியாஸ்:
இப்ப ஃபோன்லயே ஆடியோ போட்டா அதுவே டைப் பண்ணிக் குடுக்குது. எதுக்கு கை வலிக்க எழுதணும்? கேப்ஷன் ஆன் பண்ணி படிச்சா ஆச்சு.

கோத்தகிரி செல்வி:
தம்பி, அது ஃபோன் எழுதினது, நீ எழுதினது இல்ல :) கேப்ஷன பாத்துட்டே கேட்டா கண்ணுதான் வேல செய்யும், காது தூங்கிரும். என் தம்பியும் மொதல்ல அந்த வேலையத்தான் பண்ணிட்டிருந்தான், பக்கம் பக்கமா தப்பே இல்லாம எழுதி வச்சிருந்தப்பவே எனக்கு டவுட்டு.

ரியாஸ் (திரும்ப):
சரிக்கா, எழுதி முடிச்சப்புறம் சரிபாக்கவாவது ட்ரான்ஸ்கிரிப்ட் வேணும்ல? பிபிசி ரிப்போர்ட் எல்லாத்துக்கும் கிடைக்காதே.

அருவங்காடு டீச்சர்:
சரியா கேட்ட. சரிபாக்காம எழுதறது தப்பையே மனப்பாடம் பண்ற மாதிரிதான். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்ல 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இருக்கு, ட்ரான்ஸ்கிரிப்டோடவே வரும், தலைப்பெல்லாம் இந்த மாதிரி வாழ்க்கை விஷயம்தான் ஜாஸ்தி. அதுவும் கஷ்டம்னா விஓஏ, அதான் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவோட பழைய ஆடியோ. 1959ல ஸ்பெஷல் இங்கிலீஷ்னு ஆரம்பிச்சது, சுமார் 1500 வார்த்தைக்குள்ளயே நியூஸ், படிக்கறதும் நிறுத்தி நிதானமா. முழு ரிப்போர்ட் வேண்டவே வேண்டாம், முப்பது செகண்ட் போதும். சரி பாத்து, விட்டத செவப்பு பேனால எழுதி, அதே துண்ட கூடவே சத்தமா சொல்லணும். மழைல கரண்ட்டும் சிக்னலும் போகும், அதனால ஆடியோவ மொதல்லயே டவுன்லோட் பண்ணி வச்சிக்கங்க.

குன்னூர் பாபு:
மெதுவா பேசறத கேட்டு பழகினவன் கெஸ்ட் வேகமா பேசினா முழிப்பான், நானே பாத்திருக்கேன், எங்க டெஸ்க்ல ஒரு பையன், நல்லா மார்க் வாங்கினவன், ஃபோன்ல 'கேன் யூ ஹோல்ட் த ரூம் டில் செவன்'னு கேட்டா ரிசீவர எங்கிட்ட நீட்டறான். டீச்சரம்மா இப்பதான் 'சத்தமா சொல்லணும்'னு ஒத்துக்கிட்டாங்க, நான் ஆரம்பத்துல இருந்து சொல்றது அதானே? அந்த ஒரு மணி நேரத்துல அம்பது நிமிஷம் பேசட்டும், பத்து நிமிஷம் வேணா எழுதட்டும்.

வட்டக்கானல் மணி:
பாபுண்ணா அந்தப் பையன் முழிச்சது பேசத் தெரியாமயா, கேட்டது புரியாமயா? புரியலன்னா அது டீச்சர் கட்சி.

குன்னூர் பாபு:
பயம்ப்பா, பயம். நோட்டுல எழுதினா பயம் போகுமா?

கோத்தகிரி செல்வி:
பாபுண்ணா சண்ட வேண்டாம், ஒரு நாள் அவன உங்க டெஸ்க்ல உக்கார வச்சு பாருங்களேன். காலைல டீச்சர் சொன்ன மாதிரி முப்பது செகண்ட் எழுத வச்சே அனுப்பறேன்.

குன்னூர் பாபு:
மே மாசம் வேண்டாம்மா, சீசன் கூட்டமும் இ-பாஸ் இல்லாம வந்து நிக்கறவங்களுமா அப்பவே தல வெடிக்கும். ஜூன்ல அனுப்புங்க. ஃபோன் அவன்தான் எடுக்கணும், எங்கிட்ட நீட்டக் கூடாது.