கல்லீயா, மடிசிறகியா? வருணப் பெயரும் இணைக்கவர்ச்சுட்டியும்

அன்புடையீர்,

நாம் ஆக்கும் நீர்வாழ் உயிரிகள் பற்றிய தமிழ் நூலுக்காக, ஆங்கிலத்தில் stonefly எனப்படும் பிளெக்கொப்தெரா என்னும் பூச்சி வருணத்துக்கு (order) மடிசிறகி, கல்லீ என இரண்டு பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. கல்லீயையே ஏற்கவேண்டும் என்பது என் கருத்து. அது எளிமையானது என்று மட்டும் சொல்லி அதை ஏற்பது போதாது. மாணவர் கைலென்சின் கீழ் எதைப் பார்த்து இப்பூச்சியைப் பிரித்தறிகிறார் என்பதிலிருந்தே பெயரைத் தீர்மானிக்க வேண்டும்.

மடிசிறகி மூலப்பெயருக்கு நெருக்கமானது என்பதை மறுக்கவில்லை. 1839 இல் பூச்சியியலாளர் புர்மைஸ்டர் இவ்வருணத்துக்குப் பெயரிட்டபோது, பின்னுதலையும் மடித்தலையும் குறிக்கும் கிரேக்க வேரையே எடுத்தார். ஓய்ந்திருக்கும் நிறையுடலியில், அதாவது முழுவளர்ச்சி அடைந்த பூச்சியில், பின்சிறகின் அகன்ற பிற்பகுதி விசிறிபோல மடிந்து முன்சிறகின் அடியில் ஒடுங்கிவிடுகிறது. ஆனால் வெட்டுக்கிளியும் கரப்பானும் பின்சிறகை இவ்வாறே மடிக்கின்றன. உண்மையாக இருந்தும் பிரித்துக்காட்டாத பண்பு ஒரு வருணத்தின் பெயருக்கு வலுவான அடிப்படை ஆகாது. யாழ்ப்பாணத்து வழக்கையொட்டி மடிசெட்டை என்று வைக்கலாமென ஒருவர் எழுதியிருந்தார். செட்டை நம் வாயில் பழகிய நல்ல சொல். எனினும் மீனின் துடுப்பையும் அதே சொல்லால் குறிப்பதால், நீர்வாழ் உயிரிகளைப் பற்றிய நூலில் அது இடறும்.

நம் மேசைக்கு வந்துசேருவது பெரும்பாலும் நிறையுடலி அன்று என்பதையும் கருதவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். மழைநீர் நிலத்தடிக்கு இறங்கிவிடுகிறது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. குளிர்ந்த, ஒட்சிசன் மிகுந்த, கல் நிறைந்த ஓடைகளை வேண்டும் இப்பூச்சியை நம் மாணவர் மத்திய மலைநாட்டிலிருந்து மதுசாரக் குப்பியில் வந்த மாதிரியாகவே காண்கின்றனர். அம்மாதிரிகளிற் பல அணங்குகள், அதாவது சிறகு முற்றாத இளம் பருவத்தவை. மதுசாரத்தில் அவற்றின் நிறம் மங்கிவிடுகிறது. ஆகவே நிறத்தையும் சிறகையும் நம்பாத ஓர் இணைக்கவர்ச்சுட்டியே, அதாவது இரண்டிரண்டு தெரிவுகளாகப் பிரித்து உயிரியை இனங்காட்டும் சுட்டியே, நமக்குத் தேவை.

அச்சுட்டியின் முதற் கவரில் கால் உகிரை (நகத்தை) வைக்குமாறு வற்புறுத்துவேன். கல்லீ அணங்கின் ஒவ்வொரு பாதமும் இரண்டு உகிர்களில் முடிகிறது. அதனோடு மயங்கக்கூடிய மே ஈயின் (mayfly) அணங்குக்கு ஓர் உகிரே உண்டு. சுற்றுக்கு வந்த வரைவில் வால் இழைகளின் எண்ணிக்கை முதலிடத்தில் உள்ளது. கல்லீக்கு இரண்டு வால்கள் என்பதும் மே ஈக்குப் பெரும்பாலும் மூன்று என்பதும் சரியே. ஆனால் இரண்டே வால் கொண்ட மே ஈக்களும் இருக்கின்றன, வால்கள் எளிதில் ஒடிந்தும் போகின்றன. அடுத்ததாகப் பூக்களின், அதாவது நீரில் சுவாசிக்க உதவும் உறுப்புகளின், இடத்தைக் கேட்கலாம். மே ஈ அணங்கில் அவை வயிற்றின் பக்கங்களில் பெரும்பாலும் தகடுகளாக அமைகின்றன. பேர்லிடே குடும்பத்துக் கல்லீக்களில் நெஞ்சறையிற் கால்களின் அடியையொட்டிக் கிளைத்த இழைக்கொத்துகளாக நிற்கின்றன. தமிழக வாசகருக்காக, பூ என்பது அவர்கள் செவுள் என்று சொல்வதே எனவும், நம் வருணம், சாதி, இனம் ஆகியன முறையே அவர்களது வரிசை, பேரினம், சிற்றினம் எனவும் நூலின் முகப்பில் ஒரு முறை குறித்துவிட வேண்டும்.

ஈ என்ற சொல்லைப் பற்றிய மறுப்புக்கு வருகிறேன். ஈ என்றால் இரண்டு சிறகு, இதற்கோ நான்கு, ஆகவே பெயர் பிழை என்கின்றனர். தேனீக்கும் நான்கு சிறகுகள்தாம். தமிழ் ஒருபோதும் அச்சொல்லை இரு சிறகுப் பூச்சிகளுக்கென ஒதுக்கிவைத்ததில்லை. அவ்வருணத்துக்கு இருசிறகி என்ற பெயர் தனியே உண்டு. தேனோடு ஈ சேர்ந்து தேனீ ஆனதுபோலக் கல்லோடு சேர்ந்து கல்லீ ஆவது இலக்கணத்துக்கும் ஒத்ததே. கல் என்ற முன்னொட்டு ஆங்கில வழக்கைப் பெயர்த்தது என்ற குறையும் நிற்காது. அணங்கு ஓடைக் கற்களின் அடியில் வாழ்கிறது. இறுதித் தோலைக் கழற்ற நீரைவிட்டு ஏறும்போது கரையோரக் கற்களிற் பற்றிக்கொண்டு வெறுந்தோலை அங்கேயே விட்டுச் செல்கிறது. இதைக் கண்ணால் கண்ட எவரும் அப்பெயரையே வைப்பர். கூட்டுப்புழுப் பருவம் இல்லாமையாலும் சிறகு மொட்டுகள் வெளியே தெரிவதாலும், இளம் பருவத்தைக் கல்லீக் குடம்பி (larva) என்னாது கல்லீ அணங்கு என்றே எழுதவேண்டும்.

வருணப் பெயரை விட எனக்கு மிகுந்த கவலை தருவது இன மட்டச் சொற்களே. நம் மலையோடைகளில் பேர்லிடே குடும்பத்து நியோபேர்லா சாதி உண்டு. 1905 இல் பூச்சியியலாளர் நீடம் நிறுவிய இச்சாதியில் இன்று 200க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பேர்லிடேயிற் பெரும்பாலானவற்றுக்கு தலையில் மூன்று தனிக்கண்கள் (கூட்டுக்கண்கள் அல்லாத சிறு எளிய கண்கள்) இருக்க, இதற்கு இரண்டே. வேறு சில சாதிகளிலும் இரண்டு இருப்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. அணங்கைக் கொண்டு பெரும்பாலும் சாதிவரைதான் செல்லமுடியும். இனத்தைத் துணிய வேண்டுமாயின், ஆணின் ஏழாம், எட்டாம் வயிற்று முதுகுத்தகடுகளில் உள்ள முளைகளையும், இரண்டாகப் பிளந்த பத்தாம் தகட்டின் முளைகளையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புணர்ச்சி உறுப்பின் உட்பையை வெளியே புரட்டி அதிலுள்ள முட்களின் ஒழுங்கையும் பார்க்கவேண்டும்; பெண்ணாயின் முட்டை ஓட்டின் வரிகள் துணை செய்யும். வட அமெரிக்காவில் நெடுங்காலம் நியோபேர்லா கிளைமீனி என்ற ஒற்றைப் பெயரின்கீழ் வைக்கப்பட்டவை பல இனங்கள் என்பது இவ்வுறுப்புகளை ஒப்பிட்ட பின்னரே தெளிந்தது. இவ்வளவு நுண்மையான வேலையைத் தமிழில் செய்ய விரும்பும் மாணவருக்கு, அவ்வுறுப்புகளுக்குச் சொல் கொடாமல் வருணத்துக்கு மட்டும் அழகிய பெயர் கொடுத்து என்ன பயன்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முனைந்தபோது, உடலுறுப்புகளின் பெயர்களை ஒழுங்குசெய்யாமல் அவரால் முன்செல்ல இயலவில்லை. அந்த ஊர் மரபை நாம் பின்பற்றுவது தகும்.

எனவே ஆணின் புணர்ச்சி உறுப்பின் குழல் வடிவப் பகுதிக்குப் புணர்குழல், வெளிப்புரளும் பகுதிக்குப் புரள்பை, பத்தாம் தகட்டின் இரு பாதிகளுக்குப் பிளவுத்தகடு என முன்மொழிகிறேன். விந்துக்குழல் என்று எழுதினால் விந்தைக் கடத்தும் உட்குழாயோடு மயங்கும். புரள்பை என்பது கேட்பதற்குப் புதிதாயினும், செய்முறையில் மாணவர் செய்யப்போவதையே அது சொல்கிறது. சாதி, இனப் பெயர்களை மொழிபெயர்க்கலாகாது. ஒலிபெயர்ப்பு மட்டும் ஒரே சீராக இருக்கவேண்டும். பேர்லா, பெர்லா, பெர்ளா என மூன்று விதமாக அச்சிட்டால் சொல்லடைவு பயன்படாது.

புணர்குழல், புரள்பை, பிளவுத்தகடு ஆகிய மூன்றையும் அடுத்த வரைவின் படங்களிற் குறித்து அனுப்புகிறேன். மாற்றுச்சொல் தருவோர் அது அதே படத்தில் எந்தப் பகுதியைச் சுட்டுகிறது என்பதையும் காட்டி எழுதினால், கல்லீ பற்றிய முடிவையும் அதனோடு சேர்த்தே எடுத்துவிடலாம்.

அன்புடன்.