மறு: மறு: "பஸ்ட்"டுக்குத் தமிழ் என்ன?

வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில், அணிகள் வருடாவருடம் புது ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுக்கும் "டிராஃப்ட்" நடக்கும். அதில் பெரிதாக நம்பி முன்னாலேயே எடுத்து, எதிர்பார்த்தது வராமல் போனால் "பஸ்ட்" (bust) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது. இழையைத் தொடங்கிய தம்பி "பஸ்ட் பிக்" என்று எழுதியிருந்ததை "முதல் தேர்வு" என்று படித்துவிட்டு, இதற்கு எதற்குக் கலைச்சொல் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். தமிழெழுத்தில் எழுதினால் பஸ்டும் ஃபர்ஸ்டும் ஒன்றாகிவிடுகின்றன. கடன்சொல்லே போதும் என்றவர்களுக்கு இது ஒன்றே பதில்.

> புஸ்வாணம் என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும். டீக்கடையில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கிரெக் ஓடனை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007இல் போர்ட்லாந்து அணி முதலாவதாக எடுத்த பையன். அந்த செப்டம்பரிலேயே வலது முழங்காலில் அறுவை சிகிச்சை, முதல் பருவம் முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. அப்புறமும் காயத்துக்கு மேல் காயம். என்பிஏவில் மொத்தமே 105 ஆட்டங்கள். இரண்டாவதாக சியாட்டில் எடுத்தது பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுராண்டை என்பதால்தான் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. முழங்கால் போன ஆளைப் பார்த்துப் புஸ்வாணம் என்பது கேலி. கலைச்சொல்லில் கேலி இருக்கக் கூடாது.

> பதர். பழைய சொல், சின்ன சொல்.

இதை முன்வைத்த ஐயா கோபிக்கக் கூடாது. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பதர் என்றால் உள்ளே அரிசியே இல்லை என்று அர்த்தம். பஸ்ட் என்றாலே எல்லாரும் சொல்லும் சாம் போவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் ஹூஸ்டன் ஒலாஜுவானை எடுத்தது, இரண்டாவதாகப் போர்ட்லாந்து போவியை எடுத்தது, மூன்றாவதாக சிகாகோ மைக்கேல் ஜோர்டனை எடுத்தது. (பாவம் போர்ட்லாந்து, இந்த இழையில் அடிக்கடி வருகிறது.) போவி பத்துப் பருவம் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரி 10.9 புள்ளி, 7.5 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இது பதரா? இருபதாவது இடத்தில் எடுத்திருந்தால் "நல்ல ஆளைப் பிடித்தார்கள்" என்று பாராட்டியிருப்பார்கள். போர்ட்லாந்திடம் முந்தின வருடமே எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். வெளியிலிருந்து ஆட ஆள் உண்டு, கூடைக்கடியில் ஆடும் உயரமான சென்டர்தான் இல்லை என்று கணக்குப் போட்டார்கள். கால் எலும்பு முறிவால் போவி கல்லூரியில் இரண்டு பருவம் ஆடவில்லை என்பது ஊருக்கே தெரிந்த சேதி. குறை நெல்லில் இல்லை, விதை வாங்கப் போனவரிடம்.

இன்னொரு முனையிலிருந்தும் பாருங்கள். 2015இல் நம் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லாஸ் 52ஆவதாக எடுத்தது. என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவரை யாராவது பஸ்ட் என்கிறார்களா? இல்லை. மொத்தம் இருப்பதே 60 இடம். அந்தக் கடைசியில் எடுத்தவரிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை.

பத்துப் பருவம் ஆடியவர் பஸ்ட், ஒன்றுமே ஆடாதவர் பஸ்ட் இல்லை. அப்படியானால் இந்தச் சொல் ஆளைக் குறிக்கவில்லை. எந்த இடத்தில் எடுத்தார்கள், யாரை விட்டுவிட்டு எடுத்தார்கள் என்பதைத்தான் குறிக்கிறது. தமிழ்ச்சொல்லும் அங்கேதான் ஒட்ட வேண்டும்.

டார்கோ மிலிசிச் கதையில் இது இன்னும் தெளிவு. மோசமான அணிக்குத்தான் முன்வரிசை கிடைக்கும் என்பது முறை. ஆனால் 2003இல் டெட்ராய்ட் நல்ல அணி. பழைய பரிமாற்றம் ஒன்றால் இரண்டாம் இடம் அவர்கள் கைக்கு வந்தது. 18 வயதுப் பையனைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடுத்த வருடம் கோப்பையையும் வென்றார்கள், அவரை அதிகம் ஆட விடாமலே. அவருக்குப் பின்னால் வரிசையாக எடுக்கப்பட்டவர்கள் கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் போஷ், டுவெய்ன் வேட். மூவருமே பின்னாளில் பெரிய நட்சத்திரங்கள். ஆளிடம் சரக்கு இல்லையா, ஆட இடம் கிடைக்கவில்லையா என்று இன்றுவரை சண்டை. எடுத்தது வீண் என்பதில் மட்டும் சண்டையே இல்லை.

அதனால் என் முன்மொழிவு: பொய்த்த தெரிவு. வினையாக வேண்டுமானால், "அந்தத் தெரிவு பொய்த்தது".

> பொய் என்று வந்தால் ஆட்டக்காரர் பொய் சொன்ன மாதிரி ஆகாதா?

மழை பொய்த்தது என்று எழுதுகிறோமே, மேகம் பொய் சொன்னதாக யாராவது நினைக்கிறோமா? எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். யார் தப்பு என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஓடனின் முழங்காலும் அதில் அடங்கும், டெட்ராய்டின் பெஞ்சும் அடங்கும்.

"தேர்வு" வேண்டாம் என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது சரி. "பொய்த்தேர்வு" என்று சுருக்கினால் எங்கள் பக்கம் ஆள்மாறாட்டம் செய்து பரீட்சை எழுதிய வழக்கு மாதிரி ஒலிக்கும். உங்கள் ஊர்த் "தெரிவு" குழப்பமில்லாதது. எடுத்துக்கொண்டேன்.

டிராஃப்டுக்கு ஒரு மென்பொருள் "வரைவு" என்று தந்ததாம். சட்ட வரைவு ஞாபகம் வருகிறது. சங்கப் பாட்டுப் படித்தவருக்குக் கல்யாணம் ஞாபகம் வரும். "ஏலம்" ஐபிஎல்லுக்குச் சரி, இங்கே யாரும் விலை கூவுவதில்லை. அணிகள் முறை வைத்து எடுப்பதால் "முறைத்தெரிவு" என்கிறேன். சின்ன வயதில் உத்தி பிரித்திருப்பீர்கள்: இருவர் ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள், நீ எது என்று தெரியாமல் ஒன்றைக் கேட்பாய். கோடிக் கணக்கில் செலவழித்தாலும் அதே விளையாட்டுத்தான். ஆனால் "உத்தி" இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டது.

சோதித்துப் பார்க்க அந்தனி பென்னட். 2013இல் கிளீவ்லாந்தின் முதல் தெரிவு. முதல் பருவச் சராசரி 4.2 புள்ளி; அடுத்த வருடமே மின்னசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே முறைத்தெரிவில் 15ஆவதாகப் போனவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் அன்டெடொகும்போ. பொய்த்த தெரிவு என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே உட்காருகிறது.

உட்காராதது டொரன்டோ அண்ணன் கேட்டதுதான். 2006இல் டொரன்டோவின் ராப்டர்ஸ் அணி முதலாவதாக எடுத்த அந்திரேயா பார்ன்யானி ஒரு பருவத்தில் சராசரி 21 புள்ளிக்கு மேல் போட்டவர். ஆனால் இரண்டாவதாகப் போனவர், அவரைவிடப் பெரிய ஆளாக வளர்ந்த லமார்கஸ் ஆல்ட்ரிஜ். இது பொய்த்ததா, குறைவாகப் பெய்ததா? அந்த வருடங்களில் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அண்ணன்தான், அவரே சொல்லட்டும். அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.