மெல்பர்ன்ல அக்கா மகன் கல்யாணம்: அது நம்ம மெதடிஸ்ட் சபைதானா?

பிரிக்பீல்ட்ஸ்_சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகன் பதினோரு வருஷமா மெல்பர்ன்ல இருக்கான். வர்ற செப்டம்பர்ல அவனுக்குக் கல்யாணம். கட்டிக்கப் போறதும் ஒரு பையனைத்தான். யுனைட்டிங் சர்ச் கோயில்ல, போதகர் முன்னாடி. அக்கா இல்லை, அதனால அம்மா ஸ்தானத்துல நீங்க நிக்கணும் சித்தின்னு கேட்டான். ஒன்பது வயசிலேருந்து நான் வளர்த்த பிள்ளை. போறேன், அதுல எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் எங்கம்மாவுக்குப் பதில் சொல்றதுலதான். 84 வயசு. ரவாங் பக்கம் பால்மரத் தோட்டத்துல பிறந்து, மெதடிஸ்ட் சபையில ஞானஸ்நானம் எடுத்தவங்க. பேரன் ஆம்பளையைக் கட்டுறான்னு கேட்டு அவங்க அழலை. "கோயில்லதானே கட்டுறான்? நம்ம சபைதானே? ஓலை வாசிச்சாங்களா?" ஓலைன்னா கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல வாசிக்கிற அறிவிப்பு. மூணு நாளா இதே கேள்வி. எங்க போதகர்கிட்ட கேட்டேன், "அதெல்லாம் சபையே இல்ல"ன்னு முடிச்சிட்டார். மனசு வலிச்சது. அமெரிக்காவுல மெதடிஸ்ட் சபை தடையை எடுத்துட்டதா வாட்ஸ்அப்ல வந்துச்சே, அப்ப இங்கேயும் மாறிடுச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வசனச் சண்டை மட்டும் வேண்டாம்.

செந்தூல்_லூத்தரன்:

தங்கச்சி, அது சபைதான். ஆஸ்திரேலியாவுல இருந்த மெதடிஸ்டுகளும் கொங்கிரிகேஷனல் சபையும் பிரஸ்பிட்டேரியன்கள்ல பெரும்பகுதியும் 1977ல ஒண்ணாச் சேர்ந்து உண்டானதுதான் யுனைட்டிங் சர்ச். பழைய மெதடிஸ்ட் சபையோட வாரிசுன்னு அம்மாகிட்ட தைரியமா சொல்லலாம். 2018 ஜூலையில அவங்க பேரவை, கல்யாணத்துக்கு ரெண்டு விளக்கத்தையும் ஏத்துக்கிட்டுது: ஆணும் பெண்ணும்னு ஒண்ணு, ரெண்டு பேர்னு இன்னொண்ணு. எதன்படி நடத்தறதுங்கறது போதகரோட மனசாட்சி. மாட்டேன்னும் சொல்லலாம். அப்படின்னா உங்க பையனுக்கு நடத்தி வைக்கிறவர் மனசார ஒத்துக்கிட்டுத்தான் நிக்கிறார்.

இங்க எதுவும் மாறலை. மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை 1968லேயே தன்னாட்சி வாங்கிடுச்சு. அமெரிக்காவுல 2024ல சார்லட் மாநாடு எடுத்த முடிவு, அதாவது "கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது"ன்னு 1972லேருந்து இருந்த வரியை நீக்கினது, நம்மைக் கட்டாது. அந்த முடிவுக்கு முன்னாடியே, 2019லேருந்து 2023க்குள்ள, 7,600க்கும் மேல சபைகள் அங்கே பிரிஞ்சு போயிட்டாங்க. சின்ன விலை இல்ல.

இதை எழுதும்போது எங்க தாத்தா ஞாபகம் வருது. தமிழ்நாட்டுல எங்க லூத்தரன் சபையான தரங்கம்பாடித் திருச்சபைக்கு முதல் பேராயரா வந்தவர் ஒரு சுவீடன்காரர். தாத்தா ராத்திரி ஜெபத்துல அந்த சுவீடன் மிஷனரிமார் பேரை ஒவ்வொண்ணாச் சொல்லுவார். அதே சுவீடன் சபை 2009லேயே ஒருபாலினத் திருமணத்தை நடத்த முடிவு பண்ணிடுச்சு. எனக்கு இன்னும் இதுல உடன்பாடு வரலை. ஆனா சபையே இல்லன்னு சொல்ல வாய் வரலை. எங்க ஞானஸ்நானம் அந்தக் கை வழியா வந்தது.

ஜார்ஜ்டவுன்_ஆங்கிலிக்கன்:

அக்கா, வசனம் வேண்டாம்னீங்க, மத்தேயு 19ஐ மட்டும் ஒருமுறை வாசிச்சுப் பாருங்க, அவ்வளவுதான். ஒருபாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதுன்னு உலக ஆங்கிலிக்கன் ஆயர்கள் கூடின 1998 லம்பெத் மாநாடு போட்ட தீர்மானத்துலதான் எங்க ஆயர்கள் நிக்கிறாங்க. அன்னிக்கு ஆதரவா 526, எதிரா 70 வாக்கு. 2003ல அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபை ஆண் துணையோட வாழ்ந்த ஜீன் ராபின்சனை ஆயராக்கினப்ப, எங்க தென்கிழக்காசிய மாகாணம் அவங்களோட இருந்த ஐக்கியத்தை முறிச்சுக்கிட்டுது. நானும் அந்தப் பக்கம்தான். உங்க இடத்துல இருந்தா விருந்துக்குப் போயிருப்பேன், கட்டிப் பிடிச்சிருப்பேன், ஆனா ஆசீர்வாதம் சொல்றப்போ என்னால எழுந்து நிக்க முடியாது. உங்க மேல கோபம் துளிகூட இல்லை.

பட்டர்வொர்த்_கத்தோலிக்கன்:

ஆங்கிலிக்கன் அண்ணே, என் மகளும் இப்படித்தான். 2023 டிசம்பர்ல வத்திக்கான் அறிக்கை வந்ததும் ஓடிப்போய் எங்க ஃபாதர்கிட்ட கேட்டேன். ஜோடியா வந்தா ஆசீர்வதிக்கலாம், ஆனா திருமணச் சடங்கு மாதிரி எதுவும் இருக்கக் கூடாதுன்னு பொறுமையா விளக்கினார். அந்த ஒரு நிமிஷ ஆசீர்வாதத்துக்கே நானும் என் மனைவியும் அழுதோம்.

சித்தி, ரெண்டு விஷயம். மலேசியாவுல 1976ஆம் வருஷத்துத் திருமணச் சட்டம் 69ஆம் பிரிவுப்படி, ஆணும் பெண்ணுமா இல்லாத கல்யாணம் செல்லாது. பையன் திரும்பி வந்து வாழ நினைச்சா இதைத் தெரிஞ்சு வரணும். அப்புறம் ஓலை. ஆஸ்திரேலியச் சட்டப்படி குறைஞ்சது ஒரு மாசத்துக்கு முன்னாடி, நடத்தி வைக்கிறவர்கிட்ட எழுத்துல நோட்டீஸ் கொடுத்தாகணும். அம்மாவுக்கு அதையே ஓலைன்னு சொல்லுங்க.

பிரிக்பீல்ட்ஸ்_சித்தி:

நாலு பேருக்கும் நன்றின்னு எழுத வந்தேன், மூணு பேர்தான், பரவாயில்லை, எங்கம்மாவையும் சேத்துக்கறேன். ஜார்ஜ்டவுன் தம்பி, நீங்க உட்கார்ந்தே இருங்க, நான் நிக்கிறேன். வந்திருந்தா பக்கத்துலயே இடம் போட்டிருப்பேன். செந்தூல் அண்ணன் எழுதினதை அம்மாவுக்கு ரெண்டு தடவை வாசிச்சேன். சுவீடன் மிஷனரிமார் கதையில நிறுத்தச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, மெல்பர்ன்ல நடத்தி வைக்கிற போதகர் பேர் என்னன்னு கேட்டாங்க, ஜெபத்துல சொல்லணுமாம். எனக்குத் தெரியலை. ராத்திரி பையனுக்குப் போன் பண்ணிக் கேக்கணும்.